மாமி மௌத்தான சனிக்கிழமை

அரபியை ஆங்கில எழுத்துகளில் வாசிக்கவும் தட்டச்சு செய்யவும் தெரிந்தவள் என்பதால் மட்டுமே நான் அந்த வீட்டுக்கு அழைக்கப்பட்டேன். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் கடைசி வீடு. அந்த வீட்டில் அப்போது இரண்டு பேர்தான் இருந்தார்கள்: அக்காவும் அவளுடைய மாமியாரும். நானும் அவரை மாமி என்றே அழைத்தேன். அக்காவின் கணவர் வளைகுடா நாடொன்றில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். பதினான்கு மாதமாக அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அவருடைய பழைய எண் உயிரோடு இல்லை. அவர் முன்பு எப்போதோ கொடுத்திருந்த முதலாளியின் எண் மட்டும் இருந்தது. அக்கா அதற்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் மட்டும் பதில் வரும். அந்தப் பதில் அக்காவுக்கு ஆங்கிலமாகத் தெரிந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டியிருக்கிறாள். அவள், இது ஆங்கிலமே இல்லை, நடுநடுவே மூன்று, ஏழு என்று எண்கள் வருகின்றன, ஏதாவது ரகசியக் குறியாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள். அப்புறம்தான் என் நினைவு வந்திருக்கிறது.

எங்கள் வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் அரபி வாசிக்கத் தெரியும், யாருக்கும் புரியாது. ஐந்து வயதில் மதரஸாவுக்குப் போய், எழுத்துக் கூட்டி, ஓதி முடித்து, அதற்கொரு விருந்தும் கொடுத்துவிடுவார்கள். ஓதியதன் பொருள் என்ன என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, பொருள் ஆலிம்களுக்கு, நன்மை உனக்கு என்று பதில் கிடைத்தது. பின்னாளில் சேலத்தில் தமிழ் இலக்கியம் படிக்கச் சேர்ந்தபோது, மாலையில் நடந்த அரபிச் சான்றிதழ் வகுப்பிலும் சேர்ந்தேன். காரணம் பக்தி அல்ல. பொருள் தெரியாமல் ஒரு மொழியைப் பதினைந்து வருடம் வாயில் வைத்திருந்தது எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த வகுப்பில்தான் ஒலிமுறைத் தட்டச்சு பழக்கமானது. 'சலாம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் திரையில் அரபி எழுத்து வலமிருந்து இடமாக எழுந்து நிற்கும். தமிழையே நாங்கள் அப்படித்தான் அடிக்கிறோம் என்பதால் அதில் வியப்பில்லை. வியப்பு, அங்கே உள்ளவர்கள் பலர் அதை மாற்றுவதுகூட இல்லை என்பதுதான். அரபியை ஆங்கில எழுத்திலேயே அடித்து அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு எண்களை வைத்துக்கொள்கிறார்கள். தொண்டையின் நடுவிலிருந்து வரும் 'ஹ' அவர்களுக்கு 7. அந்த ஒரு ஒலி சரியாக வரவில்லை என்று மதரஸாவில் என் விரல் முட்டிகளில் அடி விழுந்திருக்கிறது. ஏழு என்று அடித்தால் முடிந்துவிடும் விஷயம்.

நான் வேகமாகக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை ஏறத்தாழ வைப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. அக்கா அழைத்தபோது நான் வைத்த ஒரே நிபந்தனை, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்வேன், கூட்டவோ குறைக்கவோ கேட்கக்கூடாது என்பது. அக்கா சரி என்றாள். நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குப் புரிந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த எண்ணிலிருந்து பெரும்பாலும் சனிக்கிழமை காலையில்தான் பதில் வரும். அதனால் சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து பேருந்து ஏறி, ராசிபுரம் வழியாக நாமக்கல் போய் இறங்குவேன். மாமி கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். சர்க்கரை நோய், குதிகாலில் ஒரு புண் இரண்டு வருடமாக ஆறவில்லை. என்னைக் கண்டதும் "வா சாமி" என்பார். முஸ்லிம் வீட்டில் சாமி என்று கூப்பிடலாமா என்று உறவில் ஒரு பெண் கடிந்துகொண்டதற்கு, அவர் சொன்ன பதில் அந்தத் தெருவில் பிரபலம்: "வாயில வர்றதத்தானுங்க கூப்புட முடியும். உங்களயும் வேணும்னா சாமின்னு கூப்புடறேன், கோவிச்சுக்காதீங்க."

முதல் நாள் நான் கைபேசியைக் கையில் எடுத்ததும், அரபி வாசிக்கப்போகிறேன் என்று மாமி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையை எட்டிப் பார்த்தார். ஆங்கில எழுத்துகளைக் கண்டதும் முந்தானையை விட்டுவிட்டார்.

நான் வாசித்தேன். பின் மொழிபெயர்த்தேன்.

"அவர் இங்கே இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று எனக்குத் தெரியாது. மறுபடி செய்தி அனுப்ப வேண்டாம்."

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். மரியாதையாக எழுதியிருக்கிறாரா, எடுத்தெறிந்து எழுதியிருக்கிறாரா என்று கேட்டாள். அரபியில் 'நீங்கள்' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் நம்மைப்போல் அன்றாட வேறுபாடு கிடையாது என்று விளக்கினேன். அவள் கேட்டது அதை அல்ல.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிள்ளை இல்லை. ஆத்தூரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், பெரியம்மா வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பக்ரீத்துக்குள் ஒரு முடிவு தெரிந்தால் போதும் என்றிருந்தார். அக்காவின் ஆசை அந்த மனிதர்மேல் அல்ல. யாருடைய மனைவி என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், இல்லையென்றால் யாருடைய மனைவியும் இல்லை என்று சொல்ல ஒரு தாள் வேண்டும் என்றாள். ஜமாஅத்தில் போய்க் கேட்டாயிற்று. ஆள் உயிரோடு இருக்கிறானா, எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் பிரித்துவைக்க முடியாது; காணாமல் போனவனுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; அவன் வாயால் ஒரு சொல் வந்தால் அன்றே முடியும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அதை வாங்கித் தரக்கூடிய ஒரே கதவு அந்த எண்.

நான் எழுதினேன். அவர் எங்கே போனார் என்று தெரிந்தவர் யாரையாவது சொல்லுங்கள் என்று எழுதினேன். அவருடைய மனைவி விடுதலை கேட்கிறார், அதைமட்டும் அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று எழுதினேன். மூன்றாம் வாரம் இப்படி வந்தது: "அந்த மனிதர் எங்களிடம், இந்தியாவில் தனக்கு மனைவி இல்லை என்றே சொல்லியிருந்தார்."

வாசித்துவிட்டு நான் நிமிரவில்லை. 'இல்லை என்றே சொல்லியிருந்தார்' என்பதில் அந்த ஏகாரத்தைச் சேர்த்தது சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அரபியில் ஒரு அழுத்தம் இருந்தது. ஆகவே சரிதான். நிமிர்ந்தபோது அக்கா எழுந்து அடுப்படிக்குள் போயிருந்தாள். பட்டறையில் தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமி காலைத் தடவியபடி, "அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். எழுதியிருப்பதைச் சொல்வதாகத்தான் பேச்சு என்றேன்.

அடுத்த வாரம் அக்கா சொன்னபடி ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: அவருடைய தாய்க்கு உடம்பு சரியில்லை. அதைத் தவிர வேறு எந்த விவரமும் எழுதவில்லை. பதில் அரை மணி நேரத்தில் வந்தது. அதற்கு முன் ஒருநாளும் அவ்வளவு விரைவில் வந்ததில்லை.

"இறைவன் அவருக்கு நலம் தரட்டும். காலில் உள்ள புண் இன்னும் காயவில்லையா?"

இதையும் நான் அப்படியே சொன்னேன். 'காய்தல்' என்பதற்கு அவர் பயன்படுத்திய வினை வகுப்பில் படித்தது அல்ல, பேச்சு வழக்கு. அதை ஊகித்தே கண்டுபிடித்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதில் எனக்கு மகிழ்ச்சி. மாமி நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"என்ற காலுப் புண்ணு அந்த அரபிக்காரனுக்கு எப்புடித் தெரியும்?"

கிட்டத்தட்ட ஒரு மாதமாக நான் அந்த எண்ணுடன் எழுத்தில் பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டிருந்தேன். பேசுவது யார் என்று ஒருமுறைகூட நான் கேட்டுப் பார்க்கவில்லை. அரபியில் எழுதினால் அரபி என்று நம்பிவிட்டேன். பத்து வருடம் அங்கே லாரி ஓட்டியவனுக்கு அந்தப் பேச்சு வந்துவிடும், எழுத்து வராது, ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும் என்பது மொழி படித்த எனக்குத் தோன்றவில்லை. மாமிக்குத் தோன்றியது.

அக்கா கைபேசியைப் பிடுங்கித் தமிழில் பேசி அனுப்பப் போனாள். மாமி தடுத்தார். பேசினால் இந்த எண்ணும் போய்விடும் என்றார். சோறு வைத்துச் சாப்பிடச் சொன்னார், நாங்கள் சாப்பிட்டோம். அதற்குள் என்ன செய்வது என்று அவர் முடிவு செய்திருந்தார். கை கழுவிவிட்டு வந்த என்னிடம் சொன்னார்:

"எழுது சாமி. நான் மௌத்தாயிட்டேன்னு எழுது."

அக்கா, "மாமி, வேண்டாங்க" என்றாள்.

"உனக்கு அவன் வாயி தொறக்கணும். தொறக்க வேற சாவி இல்ல. எழுதட்டும்."

நான் மறுத்தேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன், பொய் எழுத வரவில்லை என்றேன். மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை நாளும் நீ எழுதியது யாருக்கு என்று கேட்டார். இல்லாத ஒரு முதலாளிக்குத்தானே; அந்தப் பொய்யை ஒரு எழுத்துப் பிசகாமல் எங்களுக்கு வாசித்தும் காட்டினாயே என்றார்.

எழுதினேன். "அவருடைய தாய் இன்று விடியற்காலை இறந்துவிட்டார்." அரபியில் மூன்று சொற்களில் முடிந்துவிடுகிற வாக்கியம். ஆங்கில எழுத்தில் அடித்தபோது அது எந்த மொழியின் வாக்கியமாகவும் தெரியவில்லை. அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்த்தேன். பிழை இல்லை. மாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினேன்.

பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. பின் கைபேசி அடித்தது. ஒருநாளும் எடுக்கப்படாத அந்த எண்ணிலிருந்து அழைப்பு. அக்கா இன்னொரு கைபேசியில் பதிவை ஓடவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டாள். மாமி முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

மறுமுனையில் முதலில் அழுகை மட்டும் வந்தது. பிறகு, "அம்மா" என்றார். பிறகு, "முகத்தக் காட்டு, வீடியோவுல வா, முகத்த மட்டும் ஒருக்கா காட்டு" என்றார்.

"அடக்கம் முடிஞ்சுருச்சு" என்றாள் அக்கா.

"அதுக்குள்ளயா? எனக்காகக் கொஞ்சம் வச்சிருக்கக் கூடாதா?"

"யாருக்காக வச்சிருக்கறது? முதலாளிக்கா?"

அவர், யார் குளிப்பாட்டியது என்று கேட்டார். அக்கா, நான்தான் என்றாள். உடலைச் சுற்றும் கபன் துணி யார் எடுத்தது என்று கேட்டார். கடைசியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மாமிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல். மாமி கடைசியில் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்றாள். அது தேவையே இல்லாத பொய். மாமி கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு அக்கா தன் காரியத்துக்கு வந்தாள். இனி நானும் நீங்களும் யாருக்காக இப்படி இருக்க வேண்டும், என்னை விட்டுவிடுங்கள் என்றாள். அவர் மூக்கைச் சிந்தினார். பின் சொன்னார்:

"இங்க எனக்கு ஒரு குடும்பம் இருக்கு. ஒரு பொண் கொழந்த. அம்மா இருக்கற வரைக்கும் அதச் சொல்ல முடியல. அம்மா வாய்க்குப் பயந்துதான் இப்படி ஒளிஞ்சிட்டிருந்தேன். இனி யாருக்குப் பயப்படறது."

அதன் பிறகு ஒரு தலாக் சொன்னார். தெளிவாக, அக்காவின் பெயரைச் சேர்த்து, ஒருமுறை. அழைப்பு முடிந்தது.

மாமி வாயிலிருந்து துணியை எடுத்தார். "என்னோட சேர்த்து உன்னையும் எறக்கி வெச்சுட்டான்" என்றார் அக்காவிடம். குரலில் ஒன்றுமில்லை. சுமையை இறக்கிவைத்த லாரியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அக்கா அழவில்லை. பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்டாள். மாமி அதை இரண்டாம் முறையும் கேட்க நேர்ந்தது.

ஹஜ்ரத் அந்தப் பதிவைக் கேட்டார். மாமியை அவருக்கு நன்றாகத் தெரியும்; முந்தின வாரம்தான் அவர் கால் புண்ணுக்கு ஓதி ஊதிக் கொடுத்திருந்தார். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு மூன்று நோன்பு வையுங்கள் என்றார். தலாக் தலாக்தான், கோபத்தில் சொன்னாலும் விளையாட்டாகச் சொன்னாலும் விழுந்துவிடும் என்றார். பிறகு, எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். ஒரு தலாக் சொன்னவன், மனைவி காத்திருக்க வேண்டிய காலமான இத்தா முடிவதற்குள் மனம் மாறினால், திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவியின் சம்மதம் தேவையில்லை. திருமணம் பழையபடி நிற்கும். அதுவரை அந்தப் பெண் கணவன் வீட்டில்தான் இருக்க வேண்டும். மூன்று மாதவிலக்கு. ஏறத்தாழ மூன்று மாதம்.

அதாவது, மூன்று மாதம் மாமி இறந்தே இருக்க வேண்டும். உயிரோடு இருப்பது தெரிந்தால், ஏமாற்றி வாங்கிய தலாக் என்ற கோபத்தில் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிடக்கூடும்.

இதை அக்கா கேட்கவில்லை. மாமியே சொன்னார். இத்தா முடியட்டும், அப்புறம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். அந்த நாட்டில் லாரி ஓட்டும் நாமக்கல்காரர்கள் சிலர் இருந்ததால், யார் வழியாகவாவது செய்தி போய்விடக்கூடாது என்று வாசலுக்குப் போவதை விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் விட்டார். புண் பெரிதானது. அக்கா உள்ளறையில் இத்தா இருந்தாள். மாமி கூடத்தில் இருந்தார்.

அந்த எண் இப்போது வாரத்துக்கு மூன்று நான்கு முறை பேசியது. அவருக்குத் தமிழில் எழுத வெட்கமாக இருந்திருக்கலாம். பழைய பழக்கத்திலேயே, அரபியில், ஆங்கில எழுத்தில், தாய்க்காக வேண்டும் துஆக்களை அனுப்பினார். இதை அம்மாவை அடக்கிய கபுரில் போய் ஓதச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நான் அங்கே இருக்கும்போது கைபேசி ஒலித்தால் அக்கா கதவருகில் வந்து நிற்பாள்.

"அதுல என்னப் பத்தி ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்பேன். ஒருநாள், திரும்ப எடுத்துக்கொண்டேன் என்பது அரபியில் எப்படி வரும் என்று கேட்டாள். அந்தச் சொல்லை உச்சரித்துக் காட்டினேன். அதன் வேரையும், எந்தெந்த வடிவத்தில் அது வரக்கூடும் என்பதையும், ஆங்கில எழுத்தில் அடித்தால் அதில் 3 என்ற எண் இருக்கும் என்பதையும் விளக்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு செய்தியிலும் அந்த மூன்றைத் தானே தேடிப் பார்க்கத் தொடங்கினாள். அந்த மூன்றோ அரபியில் எங்கும் வருவது. நாளைக்கு நான்கு முறை எனக்கு அழைத்து, வரியைப் படம் எடுத்து அனுப்பி, இது அதுதானா என்று கேட்பாள். கற்றுக்கொடுத்தது நான்.

மாமி துஆக்களின் பொருளைக் கேட்டார். சொன்னேன்: இறைவா, இவளை மன்னித்துவிடு, இவளுடைய கபுரை விசாலமாக்கு, அதில் ஒளியை நிரப்பு. அவர் கேட்டுவிட்டு, பொருள் சரி, அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே கேட்க வேண்டும் என்றார். வாசித்துக் காட்டினேன். போதவில்லை. ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் அரபி எழுத்துக் கூட்டி வாசிக்க மதரஸாவில் படித்தது மறக்கவில்லை. ஆகவே மகன் ஆங்கில எழுத்தில் அனுப்பியதை நான் ஒலிமுறையில் அடித்து அரபி எழுத்தாக்கி, பெரிதாக்கி, தாளில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு உயிர்க்குறிகளையும் இட்டேன். கூடுதல் வேலைதான், ஆனால் குறி இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது.

மாமி முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக ஓதினார். நல்ல உச்சரிப்பு. தன் கபுர் விசாலமாக வேண்டும் என்று மகன் கேட்டதைத் தாயே ஓதி முடித்து, ஆமீன் என்றார். சனிக்கிழமைதோறும் ஒரு தாள் சேர்ந்தது. அரபி எழுத்துள்ள தாளைக் கீழே போடக்கூடாது என்பதால், குர்ஆன் வைத்திருந்த பலகையிலேயே அவற்றை அடுக்கினார்.

"உசுரோட இருந்தப்ப இத்தன பேசல அவன்" என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

இத்தா முடிந்தது. அக்கா மூன்றாம் மாதவிலக்கும் முடிந்து குளித்துவிட்டு வந்து, பெட்டியைக் கட்டினாள். பெரியம்மா வீட்டிலிருந்து வண்டி வந்தது. மாமியிடம் ஸலாம் சொல்லும்போது அவர் காலைத் தொடப் போனாள், புண் இருந்த கால் அது, மாமி இழுத்துக்கொண்டார். இரண்டு நாள் பொறுத்து நான் போனேன். அழைத்தது மாமி. இம்முறை எதையும் எழுத வேண்டாம் என்றார். குரலாகவே அனுப்ப வேண்டும், உன் கைபேசியை என் வாயருகில் பிடி என்றார்.

"தம்பி, அம்மா பேசறேன். நான் மௌத்தாகுல. இங்கதான், ஊட்டுலதான் இருக்கேன். அவளுக்காகத்தான் அப்புடிச் சொல்லச் சொன்னேன், தப்பு என்ற மேலதான். உனக்குப் பொண் கொழந்தன்னு சொன்னியே, அது பேரு என்ன சாமி? நான் ஏசமாட்டேன். பேரு மட்டும் சொல்லு."

அனுப்பினேன். கேட்டுவிட்டதற்கான நீலக் குறி உடனே வந்தது. மறுபடியும் கேட்டாரோ என்னவோ, வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மாமி தலையை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். அழைப்பு வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். வந்தது எழுத்து. அரபி, ஆங்கில எழுத்தில். மூன்று வாக்கியம்.

"என்ன சொல்றான்?"

நான் தயங்கினேன் என்று எழுத ஆசைதான். தயங்கவில்லை. பழகிய வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

"என் தாய் இறந்துவிட்டார். இறைவன் அவருக்குக் கருணை காட்டட்டும். இந்த எண்ணுக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம்."

மாமி என் கையிலிருந்து கைபேசியை வாங்கி, அந்த எழுத்துகளைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாத எழுத்து. கோபத்தில் எழுதியிருக்கிறானா, அழுதுகொண்டு எழுதியிருக்கிறானா என்று கேட்டார்.

"அது இதுல தெரியாதுங்க மாமி" என்றேன்.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த எண்ணின் படம் சற்று நேரத்தில் மறைந்துபோனது. என்னைத் தடுத்துவிட்டார் என்று பொருள். மாமியிடம் அதையும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிறதே, கிளம்பு என்றார்.

பேருந்து ராசிபுரம் தாண்டும்போது அக்கா அழைத்தாள். மாமியின் குரலை நான் அனுப்பிய விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. என்ன பதில் வந்தது என்று கேட்கவில்லை. மாமி எப்படி இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. இத்தா முடிந்த பிறகுதானே அனுப்பினாய், தேதி சரியாகத் தெரியுமா என்று கேட்டாள். முடிந்து இரண்டு நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நாமக்கல் போக எனக்கு வேலை இருக்கவில்லை. போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.